எங்கள் லாரியின் உயரத்தைக் கேட்டுவிட்டு வழி சொல்லுங்கள்

செல்போன் மேப் செயலிகளையும் வழிகாட்டிக் கருவிகளையும் தயாரிக்கிற நிறுவனங்களுக்கும், அங்கே வேலை பார்க்கிற பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். உங்கள் மேப் இல்லாமல் இன்று எங்களில் பெரும்பாலானவர்கள் வண்டியைக் கிளப்புவதில்லை. முன்பெல்லாம் புது ஊருக்கு லோடு கிடைத்தால், அந்தப் பக்கம் போய்வந்த டிரைவரைத் தேடிப் பிடித்து வழி கேட்போம். துண்டுத்தாளில் எழுதிக்கொள்வோம். ஊருக்குள் நுழைந்ததும் நாலு இடத்தில் நிறுத்தி விசாரிப்போம். நள்ளிரவில் விசாரிக்க ஆளும் இருக்காது. அந்தத் திண்டாட்டம் உங்களால் போனது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் காட்டுவது காருக்கான வழி. அதையே எங்களுக்கும் காட்டுகிறீர்கள். அதைவிட ஆபத்தான இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பாலத்தின் உயரம் உங்கள் மேப்பில் பதிவாகவில்லை என்றால், அங்கே உயரத் தடையே இல்லை என்பதுபோல உங்கள் செயலி அதன் அடியில் வழி போடுகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில்லை. எங்கள் குறைகள் பல இருந்தாலும், முதலில் மாற வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

பாலத்தில் லாரி இடித்து நின்றால், 'ஜிபிஎஸ் தப்பான வழி காட்டிவிட்டது' என்று எல்லோரும் பேசுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜிபிஎஸ்ஸுக்கு வழியே தெரியாது. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் செய்வதும் இதைத்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியது. அதற்குப் பிறகு சில மீட்டர் துல்லியத்தில் நாம் நிற்கும் இடம் தெரிகிறது. எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்பதெல்லாம் மேப்பின் பொறுப்பு. மேப் உங்கள் பொறுப்பு.

மேப்புக்குள் சாலை என்பது துண்டு துண்டான கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, ஒருவழியா இருவழியா என்று விவரம் ஒட்டியிருக்கும். டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1959-இல் வெளியிட்ட குறுகிய வழிக் கணக்கும் அதிலிருந்து வளர்ந்த முறைகளும் இந்த விவரங்களைக் கூட்டிப் பார்த்துத்தான் வழி சொல்கின்றன. கணக்கில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுத்த விவரத்தை மட்டும் அது பார்க்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உயரம், அகலம், நீளம், மொத்த எடை, ஆக்சில் பாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. ஆனால் யாராவது நேரில் பார்த்து நிரப்பினால்தான் உண்டு. நிரப்பாத பாலமும் தலைக்கு மேல் வானம் தவிர வேறொன்றும் இல்லாத சாலையும் கணக்குக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. காரில் போகிறவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு அந்தக் காலிக் கட்டம்தான் எமன்.

லாரியின் உயரம் என்பதும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய ஓர் எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. கன்டெய்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்டி எட்டரை அடி உயரம். ஹைகியூப் என்கிற பெட்டி ஒன்பதரை அடி. நீளமும் அகலமும் ஒன்றுதான், பூட்டும் டிரெய்லரும் ஒன்றுதான். நேற்று சாதாரணப் பெட்டியோடு தாராளமாகத் தாண்டிய பாலத்தில் இன்று ஹைகியூப் மாட்டும். அதற்காகவே அந்தப் பெட்டியின் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டிருப்பார்கள். கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது கண்ணில் படாது. ராத்திரியில், அவசரத்தில், பெட்டியை மாற்றி ஏற்றிவிட்டார்கள் என்றால், அந்த ஒரு அடி வித்தியாசத்தை டிரைவருக்கு ஞாபகப்படுத்த யாரும் இல்லை. வண்டி கிளம்பும்போது 'இன்று எந்தப் பெட்டி?' என்று உங்கள் செயலி கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பாரம் இறக்கிய பிறகு இன்னொரு கதை. பாரம் இருக்கும்போது ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். இறக்கியதும் நிமிரும், கூரை சில அங்குலம் மேலே போகும். லோடோடு உள்ளே போகும்போது உரசாத பாலத்தில், காலி வண்டியாகத் திரும்பும்போது இடிப்பது இதனால்தான். 'வந்த வழிதானே' என்று நம்பி வருகிற டிரைவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பாலத்தின் உயரமும் இப்படித்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால், போர்டில் எழுதிய உயரம் பொய்யாகிவிடும். வளைவுப் பாலம் என்றால் நடுவில் மட்டும்தான் முழு உயரம், ஓரத்தில் குறைவு. 2013 மே மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றின் மேல் இருக்கும் ஐ-5 நெடுஞ்சாலைப் பாலத்தில் நடந்தது இந்தக் கதைதான். அதிக உயர லோடுக்கு முறையாக அனுமதி வாங்கிய லாரி அது. முன்னால் வழிகாட்டி வண்டியும் போனது. பாலத்தின் மேல் சட்டம் வளைந்த அமைப்பு. லாரி போனது வலது ஓரத் தடத்தில். லோடு சட்டங்களில் இடித்து, பாலத்தின் ஒரு கண் அப்படியே ஆற்றில் விழுந்தது. யாரும் சாகவில்லை என்பது பெரிய ஆறுதல். இடது தடத்தில் போயிருந்தால் அதே லோடு அதே பாலத்தைத் தாண்டியிருக்கும். பாலத்துக்கு ஓர் எண் போதாது, தடத்துக்கு ஓர் எண் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியவில்லையா?

இது எங்கோ எப்போதோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ரயில் பாலங்களில் வண்டி இடிப்பது ஆண்டுக்கு 1,500-க்கும் மேல் நடக்கிறது. இடித்ததும் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்தி, பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் 11 அடி 8 அங்குல உயரப் பாலம் ஒன்று இருந்தது. எச்சரிக்கைப் போர்டு வைத்தார்கள், உயரமான வண்டி வந்தால் எரிகிற விளக்கு வைத்தார்கள், பாலத்தைக் காப்பாற்ற முன்னால் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். 2008 முதல் அங்கே ஓடிய கேமராவில் லாரிகளின் கூரை உரிந்து சுருளும் காட்சிகள் நூற்றுக்கு மேல் பதிவாயின. கடைசியில் 2019-இல் பாலத்தையே எட்டு அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் இடி நிற்கவில்லை.

'அப்படியானால் போர்டைப் பார்க்காத டிரைவர்தானே குற்றவாளி?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிட்டனில் ரயில் பாதைகளையும் பாலங்களையும் பராமரிக்கிற நெட்வொர்க் ரெயில் நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், லாரி டிரைவர்களில் 43 சதவீதம் பேர் கிளம்பும் முன் வண்டியின் உயரத்தை அளப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 52 சதவீதம் பேர் தாழ்ந்த பாலங்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார்கள். இதை மூடி மறைத்து எங்கள் ஆட்களுக்காக வாதாட நான் வரவில்லை. அளக்க வேண்டியது டிரைவரின் கடமை, போர்டைப் பார்க்க வேண்டியதும் அவர் கடமை. ஆனால் போர்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது பாலத்தின் நெற்றியில்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற தூரத்துக்கு வண்டி வந்துவிட்டால், பின்னால் கார்கள் வரிசை கட்டிவிடும். பக்கத்தில் திரும்ப இடம் இருக்காது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது கார் ரிவர்ஸ் எடுப்பதுபோல இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் பெட்டி மறுபக்கம் போகும். கொஞ்சம் கூடினால் கேபினும் பெட்டியும் மடங்கி, கதவுப் பக்கக் கண்ணாடியில் பெட்டியின் சுவர் மட்டும்தான் தெரியும். பின்னால் யாராவது நின்று கை காட்டினால்தான் நகர்த்தவே முடியும். தனியாக வந்த டிரைவர் யாரைக் கூப்பிடுவார்?

எங்களுக்கு எச்சரிக்கை வேண்டிய இடம் பாலம் இல்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி திரும்பிப் போகக்கூடிய கடைசிச் சந்தி எதுவோ, அங்கே வேண்டும். அது இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கலாம், பத்து கிலோமீட்டர் முன்னாலும் இருக்கலாம். சாலைத்துறை எல்லாச் சந்தியிலும் போர்டு நட முடியாது. உங்களால் முடியும். முழு மேப்பும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தகவல் இருந்தும் ஓட்டுகிறவர் காதுக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, மேப் செயலிகள் வருவதற்கு வெகுகாலம் முந்தைய விபத்து ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1968 ஜனவரி 6. இங்கிலாந்தில் ஹிக்சன் என்ற இடம். 120 டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிய நீண்ட வண்டி, போலீஸ் துணையோடு லெவல் கிராசிங்கைக் கடக்கிறது. அது அப்போது புதிதாக வந்த தானியங்கி கேட். ரயில் நெருங்கியதும் விளக்கு எரிய ஆரம்பித்து, சுமார் 24 நொடியில் ரயில் வந்துவிடும். நடந்து போகும் வேகத்துக்கும் குறைவாக நகர்ந்த அந்த வண்டிக்கு 24 நொடி எந்த மூலைக்கு? பெரிய பாரத்தோடு கடப்பவர்கள் முதலில் சிக்னல்மேனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு போர்டு இருக்கத்தான் செய்தது. யாரும் போன் செய்யவில்லை. 11 பேர் இறந்தார்கள். விதி எழுதியாயிற்று, போர்டு வைத்தாயிற்று என்று கை கழுவ முடியாது. அந்த விவரம் உரிய நேரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவரிடம் வந்து சேர வேண்டும். இன்று அதைச் செய்யக்கூடிய கருவி எங்கள் கண் முன்னாலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் அது கார் ஓட்டுகிறவரிடம் பேசுவதுபோலத்தான் எங்களிடமும் பேசுகிறது.

அப்புறம், நடுவழியில் வழி மாற்றுவது. முன்னால் நெரிசல் என்றால் உங்கள் செயலி தானாகவே வேறு வழி போடுகிறது. மூன்று நிமிடம் மிச்சம் என்று சொல்லி நெடுஞ்சாலையிலிருந்து இறக்கிவிடுகிறது. காருக்கு அது வசதிதான். லாரி அந்தச் சந்தில் இறங்கினால் என்ன ஆகும்? ஐரோப்பிய விதிகளின்படி ஒரு டிரெய்லர் லாரி 16.5 மீட்டர் நீளம் இருக்கலாம். வெளிச்சுற்று 12.5 மீட்டர் ஆரத்துக்குள், உள்சுற்று 5.3 மீட்டர் ஆரத்துக்கு வெளியே அது திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். அதாவது ஒரு முழு வட்டம் அடிக்க 25 மீட்டர் இடம் வேண்டும். எந்தத் தெருச் சந்தியில் 25 மீட்டர் இருக்கிறது? முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். அங்கே ஒரு சைக்கிள்காரர் நின்றுகொண்டிருந்தால் டிரைவருக்குக் கண்ணாடியில்கூடத் தெரிய மாட்டார். வழி தவறிவிட்டால் 'முடிந்த இடத்தில் யூ-டர்ன் எடுக்கவும்' என்று உங்கள் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. எங்களுக்கு முடிந்த இடம் என்று ஒன்று அந்தச் சாலையில் இல்லவே இல்லை என்பது அதற்குத் தெரியாது. புது டிரைவர்கள் அந்தக் குரலுக்குப் பதறி எங்கேயாவது நுழைத்துவிடுகிறார்கள். லாரிக்கு யூ-டர்ன் சொல்லாதீர்கள். 'நேராகப் போங்கள், அடுத்த பெரிய சந்தியில் சுற்றி வரலாம்' என்று சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

மேம்பாலமும் அதன் கீழ்ச்சாலையும் மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடங்களில் வண்டி எதில் ஓடுகிறது என்று செயலி குழம்புவதும் உண்டு. காரில் போகிறவருக்கு அது சின்ன எரிச்சல். கீழே தாழ்வான கர்டர் இருந்தால் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

எடை விஷயம் பாலத்தை மட்டும் சேர்ந்தது இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனிச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். ஆக்சில் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் சாலை சேதமாகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. ஓர் ஆக்சிலின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. காருக்காகப் போட்ட கிராமத்துச் சாலையில் உங்கள் குறுக்குவழியை நம்பி நாங்கள் இறங்கினால், உடைவது அந்த ஊர் மக்களின் சாலை. ஒரு மழையில் அது குழியாகிவிடும், அதே சாலையில்தான் அவர்களின் ஆம்புலன்ஸும் வர வேண்டும். அந்த மக்கள் எங்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பங்கையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவர்களின் பாடு இன்னும் கஷ்டம். அந்தச் சரக்குக்கான ஐரோப்பிய ஒப்பந்தத்தில் சுரங்கப்பாதைகளை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் தடை இல்லை, இ என்றால் மிகக் கடுமை. டேங்கரில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் சுரங்கத்துக்குள் வழி போடுவது, டேங்கர் டிரைவரோடு முடிகிற ஆபத்து இல்லை.

இனி, போய்ச் சேரும் நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களை உள்ளுக்குள் தின்கிற விஷயம் இதுதான். உங்கள் செயலி காரின் வேகத்தில் கணக்குப் போட்டு 'மாலை 4.10-க்கு வந்து சேரும்' என்கிறது. டிரான்ஸ்போர்ட் ஆபீசில் இருப்பவரும் அதே செயலியைத் திறந்து அதே நேரத்தைப் பார்க்கிறார். சரக்குக்குக் காத்திருப்பவருக்கும் அதையே சொல்லிவிடுகிறார். ஏற்றத்தில் லோடு வண்டி இரண்டாம் கியரில் ஊர்வதும், இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் இருக்கச் சின்ன கியரில் இறங்குவதும் அந்தக் கணக்கில் இல்லை. ஓய்வும் இல்லை. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் எட்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு 30 நிமிடம் கட்டாயம், ஒரு வேலை நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. சட்டமே வேண்டும் என்று சொல்கிற ஓய்வு உங்கள் கணக்கில் தாமதமாகிவிடுகிறது. நாலு மணி ஆனதும் போன் அடிக்கிறது: 'மேப்பில் நாலு பத்து என்று காட்டியதே, எங்கே நிறுத்தித் தூங்குகிறாய்?' இதற்கு டிரைவர் என்ன பதில் சொல்வார்? வேகத்தைக் கூட்டுவார், ஓய்வைக் குறைப்பார். உங்கள் திரையில் ஒரு எண் தவறாக இருப்பதால் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு நாற்பது டன் ஓடுகிறது. லாரிக்கான நேரத்தை லாரியின் வேகத்தில் போடுங்கள். ஓய்வையும், லாரி நிறுத்த இடமுள்ள நிறுத்தங்களையும் அதில் சேருங்கள். அந்த நேரத்தை ஆபீசுக்கும் காட்டுங்கள்.

சரக்கு இறக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தொழிற்சாலையின் பெயரைத் தட்டினால் உங்கள் புள்ளி அதன் ஆபீஸ் வாசலில் நிற்கிறது. லாரி கேட் பின்பக்கம், வேறு சாலையில் இருக்கும். முன்வாசலில் போய் நின்ற டிரெய்லரைக் காவலாளி 'பின்னால் சுற்றி வா' என்று அனுப்புவார். அந்தச் சுற்றில்தான் தாழ்ந்த மின்கம்பியும் குறுகிய திருப்பமும் இருக்கும். சரக்கு கேட்டுக்குத் தனிப் புள்ளி வைக்க உங்களுக்குப் பெரிய செலவு ஆகாது.

லாரிக்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன என்பது தெரியும். கார்மின், டாம்டாம், சைஜிக் போன்றவர்கள் வண்டியின் அளவைக் கேட்டு வழி போடுகிற கருவிகளையும் செயலிகளையும் விற்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அவற்றைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிக் கொடுக்கிற முதலாளிகள் கொடுக்கிறார்கள், மற்ற டிரைவர்கள் கையிலிருக்கும் போனைத்தான் திறக்கிறார்கள். போனில் முதலில் வருவது இலவசக் கார் மேப். லாரி டிரைவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நாற்பது டன் வண்டி எந்த வேகத்தில் ஏறுகிறது, எங்கே வெகுநேரம் நிற்கிறது என்பதெல்லாம் போன் வழியாக உங்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. 'இது லாரிக்கானது அல்ல, பொறுப்பு ஓட்டுநருடையது' என்று நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் சட்டப்படி நீங்கள் தப்பலாம். மனசாட்சிப்படி அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

'உயர விவரம் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது, எங்களுக்குத் தருவதில்லை' என்பது உங்கள் பக்கத்துக் குறை. அதில் உண்மை இருக்கிறது. பாலம் கட்டுகிறவர்களும் பராமரிக்கிறவர்களும் உயரப் பட்டியலைக் கணினி படிக்கிற வடிவில் வெளியிட வேண்டும், தார் போட்ட ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அதற்காக நீங்கள் குரல் கொடுத்தால் நாங்களும் சேர்ந்து கொடுப்போம். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வேகக் கேமரா இருக்கிற இடத்தை ஓட்டிக்கொண்டே சொல்ல பொத்தான் வைத்திருக்கிறீர்கள். சாலையில் குழி, விபத்து எல்லாவற்றுக்கும் பொத்தான் இருக்கிறது. தாழ்ந்த பாலத்துக்கும் ஒன்று வையுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு, போர்டின் படத்தோடு உயரத்தைப் பதியும்படி செய்யுங்கள். நாங்கள் பதிவோம். ஒரு பாலத்தைப் பற்றித் தெரிந்த டிரைவர் அடுத்தவருக்குச் சொல்லாமல் இருந்ததில்லை, இந்தத் தொழிலில் அந்தப் பழக்கம் எப்போதும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. தங்கள் அளவைப் பதிந்த வண்டிகள் ஒரு பாலத்தின் அடியில் நிற்காமல் போய்வந்தால், அந்த உயரத்துக்கு அது திறந்திருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அதே இடத்தில் உயரமான வண்டிகள் நின்று, வெகுநேரம் ரிவர்ஸ் போய், வேறு வழி பிடித்தால் அங்கே ஏதோ சிக்கல். நெரிசலைக் கண்டுபிடிக்க இதே போன்ற ஓட்ட விவரங்களைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். எங்களுக்காகவும் பயன்படுத்துங்கள்.

செயலியைத் திறந்ததும் என்ன வண்டி என்று கேளுங்கள். லாரி என்றால் உயரம், அகலம், நீளம், மொத்த எடை, ஆக்சில் எண்ணிக்கை, ஆபத்தான சரக்கு உண்டா இல்லையா என்று கேளுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் உயரத்தை மட்டும் மறுபடி கேளுங்கள், பெட்டி மாறியிருக்கும். நெட்வொர்க் இல்லாத இடத்திலும் எச்சரிக்கை வேலை செய்யட்டும். டிரைவருக்குப் புரிகிற மொழியில் குரல் வரட்டும், ஓடுகிற வண்டியில் யாரும் திரையைப் படிக்க முடியாது.

இதையெல்லாம் ஒரே மாதத்தில் செய்துவிட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் முதலில் அந்தக் காலிக் கட்டத்தில் கை வையுங்கள். வழியில் உயரம் பதிவாகாத பாலங்கள் இருந்தால், வண்டி கிளம்பும் முன்பே அவற்றை வேறு நிறத்தில் காட்டி, 'இந்த இரண்டு பாலங்களின் உயரம் எங்களுக்குத் தெரியாது' என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் போய்வந்த டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் சுற்றிப் போவோம்.

இப்படிக்கு,
கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர்